நேரு ஸ்டேடியத்தின் கேட்டை வடசென்னைக்கும் திறந்து வையுங்கள்

பெறுநர்:
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், பெரியமேடு
பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை
சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், எழும்பூர்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

பெரியமேடு ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தை முழுமையாகப் புதுப்பியுங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறேன். கூடவே இன்னொன்றும் கேட்கிறேன். பிளான் போடுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எங்களை என்றால், டிக்கெட் வாங்கி உள்ளே வரும் ரசிகர்கள், ஸ்டேடியத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள், வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் தினமும் பந்தை உதைக்கிற பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் லோக்கல் ட்ரெயின் ஏறினால் முதலில் பேசின் பிரிட்ஜ், அடுத்தது வியாசர்பாடி ஜீவா. அவ்வளவுதான் தூரம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த ஸ்டேடியத்துக்குள் இதுவரை காலடி வைத்ததில்லை.

நான் வியாசர்பாடிக்காரன். சாயங்காலம் வேலை முடிந்ததும் எங்கள் பகுதிப் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வடசென்னையில் கால்பந்து எப்படி வேர்விட்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ரயில்வே இருந்தது, துறைமுகம் இருந்தது, பின்னி மில் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வரும் ஆட்களுக்கு ஒரு பந்தும் ஒரு வெட்டவெளியும் போதுமாக இருந்தது. பிறகு ஐ.சி.எஃப்., ரயில்வே, கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கிற வழியாகவும் அது ஆனது. நன்றாக ஆடுகிற பையன் ஒருவனுக்கு சென்னை லீக்கில் ஒரு டீம் கிடைத்தால், அடுத்து ஒரு வேலை கிடைக்கலாம், வீட்டில் தங்கச்சி காலேஜ் போகலாம். எங்கள் தெருக்களில் கால்பந்து பொழுதுபோக்காக மட்டும் இருந்ததே இல்லை. அதனால்தான் ஸ்டேடியம் என்று பேச்சு வந்தால் எங்களுக்கு இவ்வளவு அக்கறை.

நேரு ஸ்டேடியம் இன்றைய வடிவத்தைப் பெற்றது 1993-இல். அதற்கு முன்னால் அங்கே கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அந்த மண்ணில்தான். அந்த டெஸ்ட் சாதனை 52 ஆண்டுகள் நின்றது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளைச் சென்னை நடத்தியது. 2014 முதல் சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்து கிளப்புக்கு அது சொந்த மைதானம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் அங்கேதான் தொடங்கின. பெரிய பெரிய விழாக்களைப் பார்த்த இடம். ஒவ்வொரு விழாவுக்கும் பெயிண்ட் அடிக்கிறார்கள், விளக்கு மாற்றுகிறார்கள், விழா முடிகிறது. அடுத்த விழா வரை அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு அது ஒரு சுற்றுச்சுவர்.

கணக்கைப் பாருங்கள். 2024-25 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசனில் 13 அணிகள், ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் 12 லீக் ஆட்டங்கள். ஆண்டில் 12 சாயங்காலம். அடுத்த சீசன் வழக்கம்போல் செப்டம்பரில் தொடங்கவே இல்லை. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபறியானதில், 2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் வேலைகளையே நிறுத்திவைக்க நேர்ந்தது. ஒரு லீக்கை மட்டும் நம்பி ஸ்டேடியம் கட்டினால் அந்த லீக் நின்ற நாளில் ஸ்டேடியமும் நின்றுவிடும். எனவே புதுப்பிக்கும்போது முதல் கேள்வி எத்தனை இருக்கை என்பதாக இருக்க வேண்டாம். ஆண்டில் எத்தனை நாள் கேட் திறந்திருக்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சென்னை லீக் ஆட்டங்களுக்கு இத்தனை நாள், பள்ளிப் போட்டிகளுக்கு இத்தனை நாள், பெண்கள் லீக்குக்கு இத்தனை நாள், சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் பயிற்சிக்கு வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று எழுத்தில் போடுங்கள். யாருக்கு வாடகைக்கு விட்டாலும், எந்த கிளப்போடு ஒப்பந்தம் போட்டாலும், இசை நிகழ்ச்சிக்கே கொடுத்தாலும், அந்த நாள்களில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ஸ்டேடியத்தைப் பராமரிக்க வருமானம் வேண்டும், அது புரியாமல் பேசவில்லை. வருமானத்துக்கு மிச்ச நாள்கள் தாராளமாக இருக்கின்றன.

அடுத்து, உட்கார்ந்து பார்ப்பவர்களின் கதை. கோலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டேண்டில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எதிர்ப்பக்கத்து கோலில் பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்று கண்ணால் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் எழுந்து கத்தினால்தான் கோல் என்று நாமும் எழுந்திருப்போம். நம் பக்கத்து கோலே தூரம்தான். காரணம் கால்பந்து ஆடுகளத்தைச் சுற்றி ஓடும் தடகளப் பாதை. சர்வதேச அளவுப்படி 400 மீட்டர் ஓடுதளத்தின் உட்பக்க நீளம் ஏறத்தாழ 157 மீட்டர். ஆடுகளத்தின் நீளம் 105. மிச்சமுள்ள 52-ஐ இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் 26 மீட்டர் வெற்றிடம். அதற்கப்பால் 8 ஓடுபாதைகளுக்கு இன்னும் 10 மீட்டர். ஆக கோல் கோட்டிலிருந்து 36 மீட்டர் தள்ளித்தான் முதல் வரிசையே வரும். பெனால்டி அடிக்கிற புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர். அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் தள்ளி நின்றுதான் எங்கள் ஆட்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பி ஸ்டேண்டில் பறை போல முழங்கும் அந்த டிரம் சத்தம் ஆடுகிறவன் காதில் விழுவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது.

அதற்காக ஓடுதளத்தைப் பிடுங்கி எறியுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். கால்பந்து ரசிகர்கள் சிலருக்கு இதில் என்மேல் கோபம் வரலாம். காலையில் அங்கே ஓடுகிற பிள்ளைகளும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான், நகருக்கு நடுவில் அவர்களுக்கு வேறு எங்கே இடம்? ஒரு விளையாட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டு இன்னொருவனுக்கு நாற்காலி போடுவது சரியில்லை. இரண்டு கோலுக்கும் பின்னால் இருக்கும் அந்த வெற்றிடத்தில் மேட்ச் நாளில் மட்டும் மாட்டிக் கழற்றும் சிறிய ஸ்டேண்ட் போடலாம். பாரிஸை ஒட்டியுள்ள ஸ்டாட் த ஃபிரான்ஸ் ஸ்டேடியத்தில் கீழ்வரிசை இருக்கைகள் நகரும்படி கட்டியிருக்கிறார்கள், தடகளம் நடந்தால் பின்னால் போகும், கால்பந்து நடந்தால் முன்னால் வரும். லண்டன் ஒலிம்பிக் ஸ்டேடியத்திலும் செய்தார்கள், ஆனால் அங்கே இருக்கையை நகர்த்தவே ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு செலவானது. அந்த அளவுக்குப் போக வேண்டாம். திருவிழா மேடைக்குச் சாரம் கட்டுகிற ஆட்கள் நம்மூரில் இருக்கிறார்கள். பொறியாளர் பார்த்துப் பாதுகாப்புச் சான்று கொடுக்கிற அளவுக்கு உறுதியான, எளிமையான, மலிவு டிக்கெட் ஸ்டேண்ட் போதும்.

மலிவு டிக்கெட் என்றவுடன் ஒன்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபரில் வியாசர்பாடி உட்பட மாநகராட்சியின் 9 செயற்கைப் புல்தரைத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஒரு டீமில் 14 பிள்ளைகள் என்று வையுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 1,680 ரூபாய். மாதத்தில் 25 நாள் என்றால் 42,000. எங்கள் பகுதியில் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார், மூத்தவன் டெலிவரி வண்டி ஓட்டுகிறான். 120 ரூபாய்க்கு அந்த வீட்டில் ஒருவேளை சாப்பாடே நடந்துவிடும். எல்லாப் பக்கமும் எதிர்ப்பு வந்ததும் மாநகராட்சி அந்த முடிவைத் திரும்பப் பெற்றது, கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. அதற்கு மனதார நன்றி. ஆனால் அந்த இரண்டு நாளில் எங்கள் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவன் நான். "அப்போ நாளைலேர்ந்து வரவேணாமாண்ணா?" என்று எட்டாவது படிக்கிற ஒருவன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நேரு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தில் அப்படி ஒரு தீர்மானம் பின்வாசல் வழியாக வந்துவிடக் கூடாது. பெரிய முதலீடு போட்டோம், இனி அதை எடுக்க வேண்டும் என்ற பேச்சு கண்டிப்பாக வரும். அப்போது முதலில் ஏறுவது டிக்கெட் விலை, முதலில் காணாமல் போவது எங்கள் ஆட்கள்.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கள் ஏரியாவைச் ‘சின்ன பிரேசில்’ என்று பத்திரிகைகள் எழுதும்போது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த பிரேசிலில் என்ன நடந்தது என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரியோ நகரில் 1950 உலகக் கோப்பைக்காக மரகானா ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். ஆடுகளத்தைச் சுற்றிக் கீழே ‘ஜெரால்’ என்று ஒரு பகுதி. நின்றுதான் பார்க்க வேண்டும், ஆட்டம் முழுசாகத் தெரியாது, ஆனால் ரியோவின் ஏழை ஜனம் முழுவதும் அங்கே நிற்க முடிந்தது, டிக்கெட் அவ்வளவு மலிவு. 2005-இல் புதுப்பிப்பு என்ற பெயரில் ஜெராலை எடுத்துவிட்டார்கள். பிறகு 2014 உலகக் கோப்பைக்காக மறுபடியும் கோடி கோடியாகக் கொட்டினார்கள். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் மெட்ரோ-மங்கேரா என்ற குடிசைப் பகுதி, அங்கிருந்த வீடுகளை இடித்தார்கள். பக்கத்திலேயே இருந்த செலியோ தி பாரோஸ் தடகள மைதானத்தை 2013-இல் மூடினார்கள், ஓட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு மாநகராட்சிப் பள்ளியையும் இடிக்கப் பார்த்தார்கள். அந்தப் பள்ளியின் பெற்றோர்கள் விடாமல் போராடியதால் அது மட்டும் தப்பியது. இன்று மரகானா அழகாக இருக்கிறது. அந்தக் கீழ்த்தட்டில் நின்று பாடிய கூட்டம்தான் இல்லை.

பெர்லினில் வேறு மாதிரி நடந்தது. 2008-இல் யூனியன் பெர்லின் கிளப்பிடம் ஸ்டேடியத்தைச் சீர்படுத்தக் காசு இல்லை. 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் 1,40,000 மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்துப் படிக்கட்டும் கூரையும் அமைத்துக் கொடுத்தார்கள். சம்பளமில்லாமல் சிமெண்ட் சுமக்கச் சொல்லி எங்களைக் கூப்பிட வேண்டாம், உழைப்புக்குக் கூலி வேண்டும். கட்டட வேலை, வெல்டிங், எலெக்ட்ரிக்கல், பிளம்பிங் தெரிந்த ஆட்கள் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் உள்ளூர் ஆட்களை இத்தனை பங்கு வேலைக்கு எடுக்க வேண்டும் என்று டெண்டரிலேயே போடுங்கள். தன் கையால் கட்டிய கூரைக்குக் கீழே தன் மகன் ஆடுவதைப் பார்க்கிறவன் அந்த ஸ்டேடியத்தில் ஒரு நாற்காலியைக்கூட உடைக்கவிடமாட்டான்.

யாரையும் அப்புறப்படுத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டேடியத்தை ஒட்டிய கண்ணப்பர் திடலில், தற்காலிகம் என்று சொல்லி மாநகராட்சிக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்ட நடைபாதைக் குடும்பங்கள் நிரந்தர வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தன. அங்கே பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்து பெரியவர்களானார்கள். வடசென்னையில் எங்கே புல்டோசர் சத்தம் கேட்டாலும் அடுத்து ஊருக்கு வெளியே ஆட்களைக் கொண்டுபோய்க் குடியேற்றும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்ற பெயர்கள்தான் காதில் விழும். பார்க்கிங் வேண்டும், பிளாசா வேண்டும் என்று ஒரு குடும்பத்தைக்கூட முப்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்பாமல் இந்த வேலை முடிய வேண்டும்.

கடைக்காரர்களும் அப்படித்தான். மேட்ச் அன்று கேட்டுக்கு வெளியே சுண்டல், பஜ்ஜி, அத்தோ, வாட்டர் பாக்கெட், நீலக்கொடி விற்கிறவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு மேட்சுக்குப் போவது எங்களுக்குப் பழக்கம். 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. புதிய திட்டத்தில் அவர்களுக்கென்று தண்ணீர்க் குழாய், விளக்கு, குப்பைத்தொட்டியோடு இடம் ஒதுக்குங்கள். கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் காலரிக்கு அடியிலேயே கடைகள் இயங்குகின்றன. இங்கேயும் ஸ்டேண்டுக்கு அடியில் கடைகள் வரலாம், ஆனால் அதை எல்லாம் ஒரே பெரிய கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடாதீர்கள். பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளிடம் பூட்ஸ் தைக்கத் தெரிந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கிழிந்த பூட்ஸைத் தைத்துக் கொடுக்கிற ஒரு சின்னக் கடை ஸ்டேடியத்தில் இருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு உதவும்!

கேட், கழிவறை, குடிநீர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். மைதானத்துக்குள் போவதற்கு முன்பே, கேட்டிலேயே போன உயிர்கள். அகலமான வழி, எளிதில் திறக்கும் கேட், கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் இடம் எல்லாம் பிளானில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பாட்டிலை வாசலில் பறிப்பதென்றால் உள்ளே இலவசக் குடிநீர் இருந்தாக வேண்டும். ஒருமுறை நான் கூட்டிப்போன பிள்ளைகளில் ஒருத்தி தண்ணீர் கேட்டுத் தவித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன் பேரனுக்கு வாங்கிய தண்ணீரைக் கொடுத்தார். நகரத்தில் நடக்கும் ஒரு மேட்சில் குழந்தைக்குத் தண்ணீர் கிடைப்பது இன்னொருவருடைய நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது.

போக்குவரத்துக்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். நடந்தபோது டிக்கெட் வைத்திருந்தவர்களை மெட்ரோவில் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொண்டார்கள். அதையே கால்பந்துக்கும் செய்யுங்கள். 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் குடும்பத்தோடு வருவார்கள். மேட்ச் முடிகிற நேரத்துக்குப் பெரம்பூர் பக்கம் நாலு ஸ்பெஷல் பஸ் விட்டால் பெண்கள் தைரியமாக வருவார்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 வெள்ளத்தில் சென்னையின் எஃப்.சி.யின் அரையிறுதி ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நம் டீம் சொந்த ஊர் இல்லாமல் அங்கே போய் 3-0 என்று ஜெயித்து, பிறகு கோவாவில் கோப்பையும் வாங்கி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் நிலைமை எல்லாருக்கும் தெரியும். கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் வியாசர்பாடி தனித்தீவு. 40,000 பேர் உட்காரும் கட்டடத்தில் பெரிய சமையற்கூடம், மேல்தளத்தில் ஜெனரேட்டர், சுத்தமான கழிவறைகள், மழைநீரைப் பிடித்துவைக்கும் நிலத்தடித் தொட்டி எல்லாம் திட்டத்திலேயே இருந்தால், வெள்ளக் காலத்தில் அது நிவாரண முகாமாக நிற்கும். 2003-லேயே மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் இது.

ஆனால் நேரு ஸ்டேடியத்தை எவ்வளவுதான் அழகாக்கினாலும், அதற்குள் ஆடுகிறவன் உருவாவது எங்கள் கிரவுண்டில்தான். வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டுக்கு ஒருமுறை மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு வாருங்கள். செயற்கைப் புல்லில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவீர்கள். வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதிலே தூவியிருக்கும் கருப்பு ரப்பர் துகள் சாக்ஸுக்குள் போகும், காதுக்குள் போகும், பாய்க்கு அடியில் கிடக்கும். காலையில் வாசல் பெருக்குகிற அம்மாக்கள் முறத்தில் அந்தக் கருப்புத் துகளை அள்ளிக் கொட்டுகிறார்கள். எங்கள் கோல்கீப்பர் ஒருவனுக்கு முழங்காலிலும் முழங்கையிலும் எப்போதும் சிராய்ப்பு, ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. பூட்ஸ் இல்லாதவன் உள்ளங்காலில் கொப்புளம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் புல்தரை வேண்டும் என்றுதான் சொல்வேன். விடிகாலை முதல் இருட்டும் வரை மாற்றி மாற்றி டீம்கள் ஆடும் கிரவுண்டில் இயற்கைப் புல் ஒரு மாதம்கூடத் தாங்காது. மத்தியானம் தரையில் தெளிக்கத் தண்ணீர் வேண்டும், சுற்றி மரம் வேண்டும், ஒரு பக்கமாவது நிழற்கூரை வேண்டும், தேய்ந்த இடத்தை அந்தந்த ஆண்டே மாற்ற வேண்டும். ஸ்டேடியத்தில் இயற்கைப் புல்லை வையுங்கள், எங்கள் கிரவுண்டில் நல்ல செயற்கைப் புல்லை வையுங்கள், இரண்டையும் பார்த்துக்கொள்ளத் தனித்தனியாக ஆள் போடுங்கள்.

2023-24 நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி அறிவித்தீர்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கியபோது அது 4,181 கோடித் திட்டமாக வளர்ந்திருந்தது. அந்தத் திட்டத்தின் உணர்வோடு, நேரு ஸ்டேடியத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் இத்தனை ரூபாய் வடசென்னைத் திடல்களுக்கு என்று ஒரு பங்கைக் கட்டாயமாக்குங்கள். பெரிய ஸ்டேடியத்தில் கழற்றும் விளக்கு, பழைய இருக்கை, கோல் கம்பம், வலை எதையும் ஏலத்துக்கு அனுப்பாதீர்கள். அவற்றில் பாதி எங்கள் கிரவுண்டுக்கு இன்னும் பத்து வருஷம் உழைக்கும்.

பெண் பிள்ளைகளுக்காகத் தனியாகச் சில வரி. 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும். 2024 கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிவந்த காசிமாவும் எங்கள் வடசென்னைப் பெண்தான். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. என்னிடம் வரும் பெண் பிள்ளைகள் பத்தாவது வரை வருகிறார்கள், பிறகு ஒவ்வொருத்தியாக நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் பெற்றவர்கள் விளையாட்டை எதிர்ப்பதில்லை. "கிரவுண்டுல பாத்ரூம் இல்ல தம்பி, வர்ற வழியில லைட்டு இல்ல, எப்படி அனுப்புறது?" என்றுதான் கேட்கிறார்கள். உடைமாற்றும் அறை, கழிவறை, கிரவுண்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை தெருவிளக்கு, வாரத்தில் சில மாலைகள் பெண்களுக்கு மட்டும். இவ்வளவு செய்தால் நான் யார் வீட்டுக்கும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். திட்டத்தை வல்லுநர் குழு வரைந்து, படம் போட்டு, அடிக்கல் நாட்டிய பிறகு கருத்துக் கேட்பது கருத்துக் கேட்பாகாது. 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. பெரியமேடு, சூளை, புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர் பகுதி சபைகளில் முதல் வரைவையே வையுங்கள், தமிழில் வையுங்கள், படத்தோடு வையுங்கள். ரசிகர் மன்றத்திலிருந்து இருவர், உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் இருவர், தடகளப் பிள்ளைகள் சார்பாக ஒருவர், தெருவோர வியாபாரிகள் சார்பாக ஒருவர், மாற்றுத்திறனாளிகள் சார்பாக ஒருவர் என்று ஒரு மேற்பார்வைக் குழு அமையுங்கள். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். கட்டி முடித்த பிறகும் அந்தக் குழு தொடர வேண்டும், ஆண்டுக்கு எத்தனை நாள் கேட் திறந்தது என்ற கணக்கை அந்தக் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். வேலை நடக்கும் காலத்தில் சென்னை லீக் ஆட்டங்கள் எங்கே நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு சீசன் நின்றால் 17 வயதுப் பையன் ஒருவனின் வேலை வாய்ப்பும் அதோடு போய்விடும், அடுத்த ஆண்டு அவனுக்கு வயது தாண்டியிருக்கும்.

முதல் கூட்டத்தை முல்லை நகர் கிரவுண்டிலேயே வைக்கலாம். பிள்ளைகளின் பெற்றோர்களையும் பக்கத்துத் தெரு டீம்களையும் நாங்கள் கூட்டி வருகிறோம், பெஞ்சும் மைக்கும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம். நீங்கள் வரைபடத்தோடு வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள், காலையில் எல்லா டீமுக்கும் மேட்ச் இருக்கும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்